ஒன்பதாம் சீட்டுச் சாமி

— இன்னொரு தடவ எண்ணுங்கண்ணே.

— போனப் போட்டு எத்தன தடவ எண்ணச் சொல்லுவ தாயி? பதிமூணு. காலையில அல்லிநகரத்துல ஓன் டிராவல்ஸ் கடை வாசல்ல ஏத்துனது பதிமூணு சாமி, இந்தா கூடலூர் திராட்சத் தோட்டத்துல இருக்கிறதும் பதிமூணு. பன்னெண்டு பேரு பந்தலுக்கு அடியில நின்னு போட்டோ எடுக்குறாக. ஒருத்தரு வண்டிக்குள்ள துண்டப் போத்திக்கிட்டுத் தூங்குறாரு. நீயே கூட்டிக்க.

— சுருளியில கெளம்புறப்பவும் எண்ணுனீகளா?

— எண்ணாம இந்தப் பேச்சிமுத்து சாவியப் போட மாட்டான், கேட்டுக்க. பதினெட்டு வருசமாக் கார்த்திகை சீசனுக்கு வண்டி ஓட்டுறேன், ஒத்தச் செருப்பக்கூட விட்டுட்டு வந்ததில்ல. ஒனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? நீ நோட்டீஸுல போட்டது அத்தனையும் முடிச்சாச்சு. விடியக்காலம் தேனிச் சந்தை பாத்தாக, வீரபாண்டியில கும்பிட்டாக, உத்தமபாளையத்துப் பந்தல்ல அன்னதானம், பெறகு சுருளிக் குளியலு, இப்பத் திராட்ச. இனி லோயர்கேம்ப் தாண்டி மலையேறிட்டா ஓன் பேக்கேஜ் முடிஞ்சுச்சு.

— அந்தத் தூங்குற சாமி எந்த சீட்டுண்ணே?

— ஒம்போது. சன்னலோரம்.

— ஒம்போது பலவேசம்னு ஒருத்தருக்குக் குடுத்தது. வடுகபட்டிக்காரரு. அவுக சம்சாரம் முனீஸ்வரி ஒரு மணி நேரமா எனக்குப் போன் மேல போன் போடுறாக. ரெண்டேகாலுக்கு ஒரு போட்டோ அனுப்பிச்சாராம். அதுக்குப் பெறகு ஒண்ணும் வரலையாம். இவுக போடுற மெசேஜும் போய்ச் சேரலையாம்.

— ஓ, அந்தச் சாமியா? அந்தாள நல்லா ஞாபகம் இருக்கு. காலையில ஏறுறப்ப “சாமி சரணம்”னேன், திருப்பிச் சொல்லல. வீரபாண்டியில எறங்குறப்பச் சொன்னேன், சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே போறாரு. கர்வம் புடிச்ச ஆளு. மாலை போட்டும் அந்தக் கர்வம் போகல பாரு.

— அப்புடிச் சொல்லாதீகண்ணே.

— சொல்லல, விடு. போனு நனஞ்சிருக்கும். இங்கன சிக்னலும் வருது போகுதுன்னு இருக்கு. என்ன போட்டோவாம் அது?

— ஆத்துக்கு நடுவுல ஒரு வழுக்குப் பாறை, அதுமேல ஒக்காந்து அவரே எடுத்தது. சிரிச்ச மொகமா இருக்காரு. கால் தண்ணிக்குள்ள கெடக்கு. எனக்கும் அனுப்பிவிட்டாக. பெருசு பண்ணிப் பாத்தேண்ணே. தண்ணி டீத் தண்ணி கணக்காக் கலங்கிப் போயி இருக்கு.

— ம்.

— நீங்க எங்கன எறக்கிவிட்டீக?

— எங்கன எறக்கிவிட்டேனா? தாயி, நீ சொன்ன எடத்துலதேன். “அருவிய மூடிட்டாகளாம்ணே, அதுக்காகக் குளிக்காமப் போனா ஆளுக திட்டுவாக, நோட்டீஸுல குளியல் நிச்சயம்னு போட்டுட்டேன், கீழ தென்னந்தோப்பு வழியா ஆத்துல விட்டுருங்க”ன்னு யாரு சொன்னது? தோப்புக்காரர்கிட்ட யாரு பேசிவச்சது?

— நாந்தேன். நாந்தேன் சொன்னேன். அத இல்லேங்கலண்ணே. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

— என்ன நடந்துச்சு, ஒண்ணும் நடக்கல. போனப்பத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மொழங்கால்கூட இல்ல. ஆனா மேகமலைப் பக்கம் நல்லாக் கறுத்துக்கெடந்துச்சு, அதையும் பாத்தேன். பாத்துட்டுத்தேன் பத்தே நிமிசம்னு சொல்லி விட்டேன். எங்களுக்கு முன்னயே ரெண்டு வெளியூர் வண்டி அங்கன நின்னுச்சு. ஆளு நாப்பது பேரு இருப்பாக. செத்த நேரத்துல சருகும் சுள்ளியுமா மெதந்து வந்துச்சு. மண்ணு வாடை வேற. தோப்புக்காரரு ஏறுங்க ஏறுங்கன்னு கத்துனாரு. அம்புட்டுப் பேரும் வேட்டியச் சுருட்டிக்கிட்டு ஓடியாந்தாக. மழை சடசடன்னு புடிச்சிருச்சு. ஏத்துனேன், எண்ணுனேன், எடுத்தேன்.

— எப்புடிக் கூப்புட்டீக அவுகள?

— எப்புடின்னா? கூப்புட்டேன். எல்லாருந்தேன் வந்தாகளே.

— மொகத்தப் பாத்து எண்ணுனீகளா?

— மொகத்தையா? அத்தனையும் கறுப்பு வேட்டி, அத்தனையும் தாடி, மழைக்கு அத்தனை பேரு தலையிலயும் துண்டு. ஒரே ஊர்க்காரக, ஒரு குருசாமி தலைமையில வந்தாகன்னா அவரு பாத்துக்குவாரு. இது நீ சீட்டுச் சீட்டா வித்துச் சேத்த கூட்டம். பக்கத்துச் சீட்டுக்காரன் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. சாமி தள்ளிக்கங்க, சாமி வழி விடுங்கன்னுதேன் ஓடுது. நான் தலையத்தேன் எண்ணுவேன் தாயி.

— அண்ணே, கோவிச்சுக்காதீக. அவர எழுப்பி போன்ல பேசச் சொல்லுங்க. வேணாம், பேச வேணாம். எழுப்பி மூஞ்சிய மட்டும் பாருங்க. போட்டோவ அனுப்பிருக்கேன், ஒத்துப் பாருங்க.

— இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். சாமி. ஏஞ்சாமி, செத்த முழிங்க. ஒங்களத்தேன் சாமி.

— ஆங், சொல்லுங்க சாமி. எருமேலி வந்துருச்சுங்களா?

— இல்ல சாமி, இன்னும் மலையே ஏறல. கூடலூரு. ஒங்க பேரு என்ன?

— சூரியபிரகாஷுங்க. தாராபுரம் பக்கமுங்க.

— தாராபுரமா? நீங்க எங்கன சாமி ஏறுனீங்க?

— அந்தத் தோப்புலதானுங்க. காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தனுங்க, ஏறி ஒக்காந்ததும் கண்ணு சொக்கிருச்சு. ஏனுங்க, டிரைவர் மாத்திட்டாங்களா? நீங்க புதுசா இருக்கறீங்க.

— சாமி, இது ஒங்க வண்டி இல்ல.

— இல்லீங்களா? வெள்ளை வண்டி, முன்னாடி செவ்வந்தி மாலை, ரெண்டு பக்கமும் வாழக்கன்னு. எங்க வண்டிதானுங்களே. ஓடியாந்து ஏறுனேன், இந்தச் சன்னலோரச் சீட்டு ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. இருங்க சாமி. எங்க வண்டிச் சீட்டு நீலமுங்க. இது செகப்பா இருக்குதுங்க.

— கேட்டுச்சா தாயி?

— கேட்டுச்சுண்ணே.

— அப்ப நம்ம பதிமூணுல ஒருத்தரு...

— அண்ணே, பதறாதீக. இவரு இங்கன மாறி ஏறுனாருன்னா அவரு அங்கன மாறி ஏறியிருக்கலாம்ல? தாராபுரத்து வண்டியில ஒரு சீட்டுக் காலியா இருந்திருக்கும். அவுகளும் தலைய எண்ணிட்டுக் கெளம்பியிருப்பாக. சாமி, ஒங்க குருசாமி நம்பர் தெரியுமா?

— எங்க மாமனுதானுங்க குருசாமி. என்ற போனு, பை, இருமுடி எல்லாம் அந்த வண்டியிலதானுங்க கெடக்குது. நம்பரு மனப்பாடமாத் தெரியும், எழுதிக்குங்க.

— சொல்லுங்க. ம். ம். எழுதிட்டேன். அண்ணே, அஞ்சு நிமிசத்துல கூப்புடுறேன். மத்தவுககிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். மேல ரேக்குல பலவேசம் இருமுடி இருக்கான்னு மட்டும் பாத்துவைங்க.

— சொல்லு தாயி. அஞ்சு நிமிசம்னு காமணி நேரம் ஆக்கிட்ட.

— இருமுடி இருக்காண்ணே?

— இருக்கு. பையில ஸ்கெட்ச் பேனாவுல ம. பலவேசம், வடுகபட்டின்னு எழுதியிருக்கு. வண்டி தெரியாம மாறி ஏறுவாக, சரி. ஏறி ஒக்காந்ததும் எந்தச் சாமியும் மொதல்ல இருமுடியத்தேன் தேடும். இம்புட்டு நேரம் தேடாமயா இருப்பாரு? அந்த வண்டியில என்ன சொன்னாக?

— அந்த வண்டி கெளம்பவே இல்லண்ணே. தோப்பு வாசல்லயே நிக்கிது. இவரக் காணோம்னு தேடிக்கிட்டு இருக்காக. இவரு நம்ம வண்டியில இருக்காருன்னு சொன்னேன், அந்த மாமன் ஓன்னு அழுதுட்டாரு. சந்தோசத்துல அழுகுறாரு.

— நம்ம ஆளு?

— அங்கன இல்லையாம். நாலு பேரு கரையோரமா ஆத்துப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறாக. அவுக வண்டிக்கும் வரல. இன்னொரு வண்டியும் அங்கனயேதான் நிக்கிதாம், அதுலயும் இல்ல. போட்டோவுல இருக்கே அந்தப் பாறை, அதக் கேட்டேன். எந்தப் பாறைம்மாங்குறாரு. தென்னை மூட்டு வரைக்கும் தண்ணி ஏறிருச்சாம். அங்கன பாறையே தெரியலையாம்.

— ஐயப்பா. நான் வண்டியத் திருப்புறேன்.

— திருப்புங்க. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன். கம்பத்துல இருந்து கெளம்பிட்டாக. மூடுன எடத்துல எதுக்கு எறக்குனீகன்னு கேட்டாக. நாந்தேன் எறக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன். கடையப் பூட்டிச் சீல் வச்சாலும் வச்சுட்டுப் போறாக. எனக்கு இப்ப அந்த ஆளு வேணும்ணே. அந்த முனீஸ்வரி மறுபடி மறுபடி கூப்புடுறாக. எடுக்கத் தெம்பில்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைக அவுகளுக்கு.

— அழாத. நான் சொல்றதக் கேட்டுக்க. பாறையில ஒக்காந்திருந்தாருங்கிற, சரி. ஆனா தண்ணி ஒரேயடியா வந்து அள்ளிட்டுப் போகல. சருகு வந்ததுக்கும் வெள்ளம் ஏறுனதுக்கும் நடுவுல பத்து நிமிசம் இருந்துச்சு. அதுல நாப்பது பேரு கரையேறுனாக. இவரு மட்டும் எதுக்கு ஒக்காந்திருக்கப் போறாரு? அக்கரைப் பக்கமா ஏறிருப்பாரு. அங்கனயும் தோப்புதேன். ஏதாவது மோட்டார் ரூம்புல மழைக்கு ஒதுங்கி நிப்பாரு பாரு.

— தீயணைப்புக்காரகளும் அதத்தேன் சொல்றாக. இருட்டுறதுக்குள்ள ரெண்டு கரையிலயும் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே போவாகளாம். எங்கயாவது மரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாலும் சத்தம் கேட்டாப் பதிலுக்குக் குரல் குடுப்பாருங்குறாக.

— குடுப்பாரு. கட்டாயம் குடுப்பாரு.

— அண்ணே, இப்பவாவது சரியாச் சொல்லுங்க. எல்லாரையும் எப்புடிக் கூப்புட்டீக? எறங்கிப் போயி ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு ஏத்துனீகளா?

— இதையே எத்தன தடவ கேப்ப? நான் எறங்கல. மழை கொட்டுது, வண்டிய மேட்டுல ஏத்தணும். சீட்டுல ஒக்காந்து ஹாரன்ல கைய வச்சேன், எடுக்கவே இல்ல. அஞ்சு நிமிசம் அடிச்சேன் தாயி. சத்தம் மலையில மோதித் திரும்பி வந்துச்சு. தோப்புக்காரரு ஒரு பக்கம் தகரத்தப் போட்டுத் தட்டுனாரு. அக்கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தவனே ஆட்ட ஓட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடுனான். அம்புட்டுச் சத்தத்தக் கேட்டுட்டு எந்த மனுசன் பாறையில ஒக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பான்? கேட்டிருக்கும், எந்திரிச்சிருப்பாரு, கரையேறிருப்பாரு. அத மட்டும் நம்பு.

— போதும்ணே, நிறுத்துங்க.

— தாயி. யுவராணி. என்னாச்சு?

— தப்பு ஏம் மேலதேண்ணே.

— என்னம்மா, என்ன தப்பு?

— காலையில அவுக சம்சாரம் ஏங் கையப் புடிச்சுக்கிட்டு, டிரைவரண்ணன்கிட்ட மறக்காமச் சொல்லிருங்க, எங்க எறங்குனாலும் அவரத் தொட்டுத்தேன் கூப்புடணும்னு சொல்லிட்டுப் போனாக. கூட்டத்துல நான் ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன், பதட்டத்துல தீயணைப்புக்காரககிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். அவருக்குப் பொறவியிலயே காது கேக்காதுண்ணே.