முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

எங்கள் வீட்டுக்கும் வீரபாகு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்க வேண்டாம். கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

நான் ஜெயபுஷ்பம். மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில், நீங்கள் வந்து பார்த்த அதே தோல் கம்பெனியில் பதினாறு வருஷமாக கிளார்க். எனக்கு வாய் நீளம் என்பார்கள். வாய் நீளமில்லை, காது கூர்மை. ரஷீத் அஹமது இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தது குடலிறக்கம் என்பதும், அக்தரி பேகம் விரல் இடுக்குக் கொப்புளங்களை மருதாணி போட்டு மறைத்தாள் என்பதும் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து எல்லோரையும் பார்ப்பார். அவர் அட்டையில் எழுதுவதை நான் கம்ப்யூட்டரில் தமிழில் அடிப்பேன். பாரம் தூக்கக் கூடாது, ரசாயனத்தில் கை வைக்கக் கூடாது, கழிவுத் தொட்டியில் இறக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு குறிப்பு. கம்ப்யூட்டர் இருக்கும்போது அட்டை எதற்கு என்று அவற்றைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். அது என் யோசனை இல்லை.

2004 ஜூனில் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஜெனிஃபா என்ற பெண் இன்ஜினியர் வந்தது. மாற்றி முடித்துத் திறந்தால், பெயரும் எண்ணும் இங்கிலீஷில் இருந்ததால் பிழைத்துக்கொண்டன. குறிப்பு இருந்த இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்.

“பழைய ஃபான்ட்ல நீங்க அடிச்சது கண்ணுக்குத்தான் தமிழ், அக்கா. உள்ள அது தலையில புள்ளியும் கோடும் வச்ச இங்கிலீஷ் எழுத்து. புதுசுக்கு அது புரியல. புரியாததுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுடுச்சு.”

“திருப்ப முடியாதாம்மா?”

“இதுல இருந்து முடியாது. மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த காப்பி எங்க ஆபீஸ்ல இருக்கணும். தேடி எடுத்து, எந்த எழுத்துக்கு எந்த எழுத்துன்னு பொருத்தி மாத்தணும். பத்து நாள் ஆகும்.”

திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் இந்தக் குறிப்புகளையெல்லாம் பார்க்கச் சோதனைக்கு வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் முனீர் அகமது தலையைச் சொறிந்தார்.

“பத்து நாளா? பேஜாரா பூடும். ஜெயபுஷ்பம்மா, இந்தக் கம்பெனியில உங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் இன்னா இருக்குது? நீங்களே போட்டுடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என் காதுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைவிலிருந்து அடித்தேன்.

வீரபாகுவின் கட்டம் வந்தபோது எனக்கு அவர் மனைவி செண்பகம் ஞாபகம் வந்தாள். பதினைந்து நாள் முன்னால் தெருக்குழாயில் அக்கறையாகத்தான் கேட்டேன், “இன்னா செண்பகம், வீட்டுக்காரருக்குக் காலையில இழுப்பு ஜாஸ்தியா கேட்குதே” என்று. அவர்கள் மகள் ஸ்வேதாவைப் பெண் பார்க்க வர இருந்தார்கள். அப்பனுக்கு மூச்சிழுப்பு என்று தெருவில் பேச்சு வரக் கூடாதாம். அதுவும் எனக்குத் தெரியும்தான். செண்பகம் குடத்தைக் கீழே வைத்தாள்.

“அவருக்கு ஒரு குறையும் இல்ல. அடுத்த வீட்டு மூச்ச எண்ணிக்கினு இருக்காம உங்க வேலையப் பாருங்க அக்கா.”

வரிசையில் நின்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். அதில் அஜீஸுன்னிசாவும் ஒருத்தி. ஊர்ச் செய்தி முழுவதையும் தினமும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் அவள்.

ஆகவே வீரபாகுவின் கட்டத்தில் ‘ஒரு குறையும் இல்லை’ என்று அடித்தேன். அவர் மனைவியின் வாயிலிருந்து வந்த வார்த்தை. என் பங்குக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

சோதனை நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். குறை இல்லாதவர்களாகப் பார்த்து கம்ப்யூட்டர் நாலு பெயர் கொடுத்தது. பத்தரை மணிக்கு வீரபாகு என் ஜன்னலுக்கு வந்தார்.

“அக்கா, தொட்டி லிஸ்ட்ல என் பேரு வந்திருக்குது. டாக்டர் வேணாம்னு எழுதினாரே. நீங்கதானே அடிச்சீங்க.”

“குறை ஒண்ணும் இல்லைன்னுதானே இதுல இருக்குது.”

“பாய்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. நான் சொன்னா, வேலைக்கு டிமிக்கி கொடுக்கறேன்னுவாரு. நிறுத்திட்டார்னா பொண்ணு விஷயம் கெட்டுப்பூடும்.”

“நான் வாயத் தொறந்தா வம்புன்னுவாங்க, வீரபாகு. நான் இன்னா செய்ய முடியும்?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சுவர் இல்லாமல் அந்த மூச்சை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் கேட்டேன். அப்புறம் சட்டையைக் கழற்றி மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, “பார்த்துக்குங்க அக்கா” என்று சொல்லிப் போய்விட்டார். என் மேஜையில் போன் இருந்தது. முனீர் பாயின் அறைக்கு இரண்டே எண். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு உள்ளே வாயு கிளம்பியது. மூன்று பேர் ஏணியில் ஏறி வந்துவிட்டார்கள். வீரபாகு மூன்றாம் படிவரை வந்தாராம். அதற்கு மேல் ஏற அவருக்கு மூச்சு இல்லை.

ஜெனிஃபா அந்தப் பழைய காப்பியைத் தேடி எடுத்து மாற்றிக் கொடுத்துவிட்டதாகவும், அதோடு ஒப்பிட்டதில் நான் அடித்ததில் முந்நூற்றுப் பதினொன்று சரியாக இருந்ததாகவும் சொன்னீர்கள். ஒன்று மட்டும் எப்படித் தவறியது என்று கேட்டீர்கள். தவறவில்லை, ஐயா. ‘மூச்சிழுப்பு, தொட்டியில் இறக்கக் கூடாது’ என்று அவருக்கு ஆறு வருஷம் அடித்தவள் நான்தான். அதை மாற்றினால் ஒருநாள் அவர் பெயர் அந்த லிஸ்டில் வரும் என்றும் தெரியும். அப்போது செண்பகம் என் வாசலுக்கு வந்து, ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா என்று கேட்பாள் என்று இருந்தேன். வந்தது அவர். அவள் வரவே இல்லை.

புருஷன் போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சக்காரி என்று தெருவில் செண்பகத்தைப் பேசுகிறார்கள். அழுகிறாள். காலை ஐந்து மணிக்கு, வாயில் துணியை வைத்துக்கொண்டு, இருபது நிமிஷம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஐயா. இப்போதெல்லாம் என் வேலையைத்தான் பார்க்கிறேன்.