நிழலுக்கு எடுத்த படம்

வெள்ளைச் சுவரைப் படம் எடுப்பது கஷ்டம் சார். தமிழிலேயே எழுதித் தா என்றீர்கள், எழுதுகிறேன். கொஞ்சம் படச் சமாச்சாரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் வானத்தைப் பார்த்து எடுத்தால் நிழல் கரியாகிவிடும். நிழலைப் பார்த்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் கேமராவை அசையாமல் நிறுத்தி மூன்று படம் எடுப்பேன். இருட்டாக ஒன்று, வானத்துக்கு. நடுத்தரமாக ஒன்று, சுவருக்கு. வெளுப்பாக ஒன்று, நிழலுக்கு. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கினால் எல்லாமே தெரியும். ஹெச்டிஆர் என்பார்கள். இரண்டு வருஷம் கெடுத்துக் கெடுத்துப் படித்தேன்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கயிறு கட்டிய பலகையில் தொங்கி பெயிண்ட் அடித்தவன் நான். தோள் எலும்பு முறிந்த பிறகு கம்பெனியில் கேமராவைக் கொடுத்து, கட்டடம் வளர வளரப் படம் எடுக்கச் சொன்னார்கள். பெயிண்ட் வேலைக்குத் தளவாயைக் களக்காட்டிலிருந்து கூட்டி வந்ததும் நான்தான். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

போன மாதம் அவன் பதினாலாம் மாடியில் தொங்கிக்கொண்டே போனில் ஒரு படம் எடுத்தான். கழக்கூட்டம் ஊர் முழுக்க, அதற்கப்பால் கடல், மழை மேகம், தன் இரண்டு பாதம். எஞ்சினியர் ஸ்மிதா மேடம் அதை என்னிடமே கொண்டு வந்து காட்டினார்.

"செல்வமணி, இது நோக்கு. நம்ம தளவாய் எடுத்ததாணு. எந்து பங்கி." என்ன அழகு என்கிறார்.

கேட்டில் பெரிய போர்டாக வைத்தார்கள். கீழே 'படம்: தளவாய்' என்று போட்டார்கள். என் படங்களுக்குக் கீழே இரண்டு வருஷமாகக் கம்பெனி பேர்தான் இருந்தது.

சாயாக் கடையில் எல்லாரும் இருக்கும்போது தளவாய் சொன்னான்: "அண்ணே, நீங்க மூணு வாட்டி எடுக்கியத இந்தப் போனு ஒரே அமுக்குல முடிச்சிருது. பேசாம கேமராவ மடக்கி வச்சிட்டு மறுபடி பெயிண்டுக்கு வாங்க. பலகையில எடம் கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னான்.

நீங்கள் கேட்ட அந்த நாள் காலை பத்து மணிக்கு எதிர்க் கட்டடத்து மாடியில் கேமராவை நிறுத்தி, சோதனைக்கு மூன்று எடுத்தேன். பலகையின் இடது கயிறு மொட்டைமாடிச் சுவர் விளிம்பில் வளைந்து இறங்கும் இடம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்தது. முதல் இரண்டு படத்தில் அங்கே கறுப்புத்தான். மூன்றாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு உராயாமலிருக்க அடியில் மடித்து வைக்கிற சாக்கு நழுவியிருந்தது. கயிறு வெறும் கான்கிரீட்டில் கிடந்தது. மூன்று புரியில் இரண்டு அறுந்து சிலிர்த்து நின்றது.

நல்ல படம் சார் அது. நிழல் அவ்வளவு சுத்தமாக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

போன் அடித்தது. "அண்ணே, கேறட்டா?" என்றான் தளவாய். இங்கே சில வருஷம் இருந்தால் ஏறுவது கேறுவதாகிவிடும்.

அவனோடு கூட வேலை செய்கிற இசக்கியும் ஏறுவதாக இருந்தது. இசக்கிக்கு இரண்டு பெண் குழந்தைகள். கேமராவுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று அவனை என்னிடம் அனுப்பச் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈரமில்லாதவன் இல்லை.

"நீ மட்டும் ஏறு. இடது ஓரத்துல நில்லு. ஆடாத. ஆடுனா மூணு படத்துலயும் மூணு எடத்துல இருப்ப, பேய் மாதிரி தெரியும்."

"இன்னைக்காவது மூஞ்சி தெரியுத மாதிரி எடுங்கண்ணே. ஊர்ல பொண்ணு பாக்காவ."

இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அவன் அந்த இடது கயிற்றிலேயே மாட்டுவான். தனிக் கயிறு கட்டினால் வேலை ஓடாது என்று பழக்கியதும் நான்தான்.

சொன்ன இடத்தில் நின்றான். சொன்ன சொல் தட்டமாட்டான். முதல் படத்தில் நின்றான். இரண்டாவதில் சிரித்துக்கொண்டு நின்றான். மூன்றாவதில் பலகை வலது கயிற்றில் செங்குத்தாகத் தொங்கியது. இசக்கி குடையைப் போட்டுவிட்டு ஓடினான். குடை கேமராவில் இடிக்காமல் பிடித்துக்கொண்டேன்.

கயிற்றைக் காட்டிய படத்தை அன்றே அழித்தேன். மெமரி கார்டிலிருந்து உங்கள் ஆட்கள் மீட்டுவிட்டார்கள். ஆமாம், பார்த்தேன். அறும் என்று தெரிந்துதான் ஏறச் சொன்னேன். பதினோரு வருஷம் கயிற்றில் தொங்கியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவன் உடலை ஊருக்கு ஏற்றிவிட்டு வந்து, சாயங்காலம் அவனை நிறுத்தி எடுத்த மூன்றையும் ஒன்றாக்கினேன். அசைந்ததை நீக்கிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். நீக்கிவிடு என்றேன். வானம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, நிழல் இருக்கிறது. அதுவும் உங்கள் மேஜையில் இருக்கும்.

கேட்டில் இருக்கிற அவன் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சார். எது நல்ல படம் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.