டோரீன் என்று ஒரு குட்டி

— சிரிக்காத க்ளிஃப். என் பேர ஒரு நாய்க்குட்டிக்கு வச்சிருக்கியே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லு.

— சிரிக்கலக்கா. நாய்ங்களுக்கு மீன் கஞ்சி கிண்டிக்கிட்டிருக்கேன், ஆவி மூக்குல ஏறிடுச்சு. யாரு சொன்னா உனக்கு?

— உன் பக்கத்து வீட்டு பெர்னிஸ். நேத்து சாயங்காலம் இங்க ஃபீனிக்ஸுக்கு போன் போட்டு, "டோரீன் என் கோழியக் கவ்விட்டா"ங்கறா. "டோரீன் சால்மன் குடல்ல பொரண்டு நாறுறா"ங்கறா. சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் புரையேறுது. அலாஸ்கா பூரா என் மானம் கப்பலேறுது.

— கோழியக் கவ்வல. துரத்துச்சு, அவ்ளோதான்.

— அதுவா இப்ப பேச்சு? நம்ம நாய்ப்பட்டில மனுஷப் பேரே வைக்கக் கூடாதுன்னு அப்பா போட்ட சட்டம் மறந்துபோச்சா உனக்கு?

— மறக்கல. நாயத் திட்டுனா அந்த மனுஷனத் திட்டுன மாதிரி ஆயிடும்பாரு.

— ஆங். ஒரு ஈத்துக்கு ஒரு வகைப் பேரு. நான் பள்ளிக்கூடம் போறப்ப ஒரு ஈத்து முழுக்க மரம், அடுத்த ஈத்து முழுக்க மீனு. இந்தத் தடவ என்ன?

— சமையல் சாமான். பெப்பர், ஜிஞ்சர், மஸ்டர்ட், கார்லிக்.

— அதுக்கடுத்து டோரீன். நான் என்ன கடுகுக்குக் கூடப் பொறந்தவளா?

— அஞ்சாவதுக்கு க்ளோவ்னுதான் வச்சேன். பலகைல எழுதி ஆணிகூட அடிச்சாச்சு. அது அந்தப் பேருக்குத் திரும்பியே பாக்கல.

— ஓகோ. திரும்பிப் பாக்கலன்னதும் அக்கா பேரு கைக்கு வசதியா இருந்துச்சு. டேய், பதினஞ்சு வயசுல, எச்சில் துப்புனா உறையுற குளுர்ல, அப்பா நாய்ங்கள பனிச்சறுக்கு வண்டில பூட்டி ஓட்டி ரேஸ்ல ஜெயிச்சவ நான். அந்த ஊர்ல என் பேருக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சு. இப்ப, "டோரீன், சோபாவ விட்டு எறங்கு"ன்னு கத்துவீங்க. அப்படித்தான?

— மரியாத இருக்குக்கா. ஆளுதான் இல்ல.

— என்ன முனகுற?

— ஒண்ணுமில்ல. கஞ்சி அடிபிடிக்குது.

— எனக்குத் தெரியும்டா. அம்மாவ அடக்கம் பண்ணதுக்கப்புறம் நான் வரலங்கற கோவம் உனக்கு. மூணு வருஷமா உள்ளயே வச்சிருந்து நாய வச்சுத் தீத்துக்கற.

— கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா குட்டிக்கு அதுல பங்கில்ல.

— கிறிஸ்துமஸுக்குப் பொட்டி அனுப்பல? ஞாயித்துக்கிழம தவறாம போன் பண்ணல?

— பண்ற. எங்கிட்டப் பேசுற. அப்பாகிட்டக் குடுக்கட்டுமான்னா வேணாங்கற.

— அவருக்கு நான் யாருன்னே தெரியலயேடா. கடைசியாப் பேசுனப்ப, "அம்மா, நீங்க யாரு, எந்த ஊரு"ன்னு விசாரிக்கறாரு. பெத்த அப்பன் வாயால அத எத்தன தடவ கேக்கச் சொல்ற?

— புரியுதுக்கா.

— ஒண்ணும் புரிய வேணாம். இன்னிக்கே பேர மாத்து. கிராம்போ சுண்டக்காயோ, என்ன எழவையாவது வச்சுக்க.

— மாத்த முடியாது.

— ஏன் முடியாது? நீ வச்ச பேருதான?

— நான் வைக்கல.

— பின்ன யாரு, அப்பாவா? சட்டம் போட்டவரே அத மீறுனாரா?

— அவரும் வைக்கல. இரு, அடுப்ப அணைக்கறேன். சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். தெனம் காலைல அப்பா பூட்ஸ மாட்டிக்கிட்டு வாசப்படில வந்து நிக்கறாரு. "டோரீன், நாய்ங்க பசியோட இருக்கு, வாம்மா"ன்னு கூப்பிடுறாரு. நான் போய் நின்னா, "நீ இல்லப்பா, எம் பொண்ணு வருவா"ங்கறாரு. மறுபடி கூப்பிடுறாரு. தொண்ட கட்டுற வரைக்கும்.

— எத்தன நாளா?

— அம்மா அடக்கத்துக்கு வந்துட்டு நீ போனதுலேருந்து.

— எங்கிட்ட ஏண்டா சொல்லல?

— சொன்னா வந்திருப்பியா? போன மாசம் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாரு. அந்தக் குட்டி பட்டிலேருந்து தலதெறிக்க ஓடி வந்து அவர் பூட்ஸ் மேல உக்காந்துச்சு. இத்தன வருஷத்துல அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு வந்தது அது ஒண்ணுதான்க்கா.