அஞ்சாவது லெட்டர்

— இன்னும் எத்தனை இருக்கு? சட்டுனு நீட்டும்மா. கட்டிங் மெஷினை நிறுத்திட்டு உன் ஆபீஸ் ரூமுக்கு வந்திருக்கேன்.

— படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சூப்பர்வைசர் அண்ணே. அஞ்சு பேரோட சோறு இது.

— படிக்க என்ன இருக்கு? வேலை திருப்தியில்ல, நாளையிலேர்ந்து வர வேண்டாம். அதானே?

— பெட்டிக்குப் பசை போடற அக்கா வேலையா திருப்தியில்ல? போன மாசம் நீங்கதானே அவங்களுக்குக் கை தட்டச் சொன்னீங்க?

— சொல்றேன் கேளு. மனசுக்கு மாத்திரை போடறவளை பிளேடு பக்கம் விட்டா, விரல் போயிடும்.

— முதுகுவலிக்கு மாத்திரை போடறவருக்கு மட்டும் போகாதா? மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுத்தே ஆகணும்னு சட்டம் வந்தப்போ, முதலாளி கேக் வெட்டாத குறையா நோட்டீஸ் ஒட்டினாரு. பிரீமியம் ஏறினதும், மனநல டாக்டர்கிட்ட போனவங்க யாருன்னு கண்டுபிடிங்கறாரு. குமட்டுதுண்ணே.

— குமட்டினா? சம்பளம் வாங்கறே இல்ல?

— வாங்கறேன். அதான் இன்னும் குமட்டுது.

— இன்சூரன்ஸ்காரன் பேரே தர மாட்டானாமே?

— அஞ்சு பேர்னு கணக்கும், அவங்க போன தேதியும் மட்டும்தான் தந்தான். நான்தான் லீவு சீட்டுகளைப் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாத்தேன். பல்வலின்னு எழுதிட்டுப் போனவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்க.

— கெட்டிக்காரிதான்!

— ச்சீ, அப்படிச் சொல்லாதீங்க. உடம்பெல்லாம் கூசுது.

— சரி, நாலும் போட்டாச்சு. அஞ்சாவது எந்தப் பைத்தியம்? கொடு.

— இந்தாங்க.

— ஏய், என்ன இது? என் பேரைப் போட்டிருக்கே! நான் எந்த டாக்டர்கிட்ட போனேன்? ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா?

— நீங்க போகலண்ணே. உங்க இன்சூரன்ஸ் கார்டுல அண்ணி போறாங்க. எட்டு மாசமா.

— அவளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— எந்தப் பைத்தியம்னு கேக்கறவர்கிட்ட என்னன்னு சொல்லுவாங்க?

— இரு, இரு. அவ இங்க வேலையே பாக்கல. எந்த லீவு சீட்டை வெச்சுக் கண்டுபிடிச்சே?

— கண்டுபிடிக்கலண்ணே. அஞ்சாவது ஆளைக் காட்டலேன்னா அந்த இடத்துல உன் பேரை எழுதுன்னாரு முதலாளி. அண்ணி விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். வெளியே தெரியாம டாக்டர்கிட்ட போக முடியுமான்னு எங்கிட்டதான் வந்து கேட்டாங்க. யாருக்கும் தெரியாது, தைரியமா போங்கன்னு அனுப்பி வெச்சதே நான்தான்.