காப்புக்கு முந்தி

— வண்டிய எடுங்க தம்பி. பாலத்து மேல கொண்டாந்து எதுக்கு நிறுத்துறீங்க?

— அண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு அக்கா. போன் வந்துருச்சுல்ல.

— யாருங்க போன்ல? மணி அஞ்சு தாண்டிருச்சு. எதுவா இருந்தாலும் வண்டி ஓட ஓடப் பேசுங்களேன்.

— இரு பிரகதா. ஒனக்குப் பதிலா டேங்கு பாக்குற கண்ணன் பேசுறான். சொல்லுப்பா. ம்... ம்... கீழ வால்வா? அடக் கொடுமையே. ஸ்பானர் போட்டுப் பாத்தியா? சரி சரி, பதறாத. வச்சிரு.

— என்னவாம்?

— டேங்கு வால்வு திருக மாட்டேங்குதாம். மேலத் தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. காப்புக் கட்டுற நாளும் அதுவுமா பொம்பளைகள்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டு டேங்கடியில நின்னு அவனக் காய்ச்சுறாங்களாம்.

— அது எப்படித் திருகாமப் போகும்? வியாழக்கெழமதான வாஷர் மாத்தி கிரீஸ் வச்சேன். இருபத்திரெண்டு வருஷமா என் கையில திருகுன வால்வு. நான் ஒரு பத்து நாளு லீவு போட்டா அதுக்குப் பொறுக்கலையா?

— வால்வத் திட்டி என்ன ஆகப் போகுது? நான் போயி என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன்.

— நீங்களா! வேணாங்க. அஞ்சரைக்குக் காப்பு. உள்ள இருக்கயில கொட்டு அடிச்சிட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?

— காப்புன்னா என்னக்கா? நான் மீமிசல்காரன், ஒங்க ஊருப் பக்கம் வெவரம் தெரியாது.

— மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு தம்பி. கட்டுற நேரத்துல யாரெல்லாம் எல்லைக்குள்ள இருக்காங்களோ, அவங்க எட்டு நாளைக்கு வெளியூருல ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணாலும் போகலாம், இருட்டுறதுக்குள்ள வந்துரணும். கொட்டு அடிக்கிறதுக்கு முந்தியே வெளிய போயிட்டவங்களுக்கு ஒண்ணும் இல்ல. இந்தப் பாலந்தான் எல்லை.

— ஓகோ. அதான் வீட்டுல ஏறுனதுலேருந்து கால்ல வெந்நியக் கொட்டிக்கிட்ட மாதிரி நின்னீங்களா? சத்தியமாச் சொல்றேன் அக்கா, பொண்ணுக்குப் பிரசவமோன்னு நெனச்சேன்.

— பின்ன? சித்திர கடைசியிலதான் திருவிழான்னு நம்பி டிக்கெட் போட்டேன். கோயில் கூட்டத்துல உக்காந்து ரெண்டு வாரம் முன்னாடி இழுத்து வச்சிட்டாங்க. இன்னைக்கு ரயிலு, இன்னைக்கே காப்பு.

— பேசிக்கிட்டே நில்லுங்க, நேரம் போகுது. முனியசாமி, நீ வண்டிய இந்தப் பாலத்துக்கு அங்கிட்டே நிறுத்து. தெருவெல்லாம் பந்தல், காரு நுழையாது. நான் கண்மாக்கரை வழியா நடந்தா அஞ்சு நிமிஷம்.

— நான் போறேங்க. எனக்குத்தான அந்த வால்வோட கூறு தெரியும்.

— நீ போயி மாட்டிக்கிட்டா? டூருக்குக் கட்டுன அட்வான்ஸ் போறதப் பத்தி நான் பேசல. வர்ற மாசம் ஒனக்கு அறுபது முடியுது. அறுபது தாண்டுனவங்கள நீ பாக்கணும்னு கெடக்குற அந்த ஏரிக்கு மட்டும் ஏத்த மாட்டோம்னு டூர்க்காரப் பய விக்ரம் சொன்னானா இல்லையா? அடுத்த வருஷம் வால்வத் தொறந்து விட்டுட்டு டேங்குத் தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பியா?

— அதுக்காக?

— அதுக்காக நீ இந்தப் பாலத்த விட்டு ஒரு அடி உள்ள வைக்கக் கூடாது. நான் போறேன், திருகுறேன், வாரேன். குவைத்துல டேங்கர் லாரி ஓட்டுனவனுக்கு இது ஒரு வால்வா? விடு.

— சரி. போங்க.

— போயிட்டு வாரேன்.

— ஏங்க! மெதுவாப் போங்க. ஓட வேணாம். கேக்குதா? ஓடாதீங்க!

— என்னக்கா, மணி அஞ்சே கால் ஆச்சு. வெரசாப் போங்கன்னு சொல்லாம மெதுவாப் போகச் சொல்றீங்க?

— கரையெல்லாம் கல்லும் முள்ளுமாக் கெடக்கு தம்பி.

— சரி, உள்ள உக்காருங்க. இத்தோட நாலு தடவ ஏறி எறங்கியாச்சு நீங்க.

— உக்கார முடியல. நீங்க ஏதாச்சும் பேசுங்க.

— என்னத்தப் பேச? சத்தியமாச் சொல்றேன், எனக்குப் புரியாத ஒண்ணு. தண்ணியப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? எங்க மீமிசலுக்கு வாங்க, கண்ணு போற தூரத்துக்குத் தண்ணி. கூடவே நண்டும் வாங்கியாரலாம்.

— வந்துருக்கேன். மூணு தடவ. ஒங்க கடல்ல முழுசா ஒரு மணி நேரம் நின்னதில்ல. காலையில ஆறுக்குத் தண்ணி தொறந்து விடணும், சாயங்காலம் அஞ்சுக்கு மறுபடி தொறக்கணும். நடுவுல என்ன பாக்க முடியுமோ அதத்தான் பாத்துருக்கேன். கல்லணை பாத்தேன். சித்தன்னவாசல் மேல சுனை பாத்தேன். கொடைக்கானல் போயி வெள்ளி அருவியோட திரும்புனவ நான்.

— ஏன்? ஏரி பாக்கலையா?

— இன்னும் எட்டுக் கிலோமீட்டர்னு போர்டு போட்டுருந்துச்சு. மணி பதினொண்ண தாண்டிருச்சு. கூட வந்த மகளிர் குழுப் பொம்பளைகளெல்லாம் மேல போனாங்க, நான் மட்டும் எறங்கி பஸ் புடிச்சு வந்து வால்வு தொறந்தேன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல தம்பி. எட்டுக் கிலோமீட்டரு.

— லீவு கேட்டுருக்கலாம்ல?

— யாரு குடுப்பா? ஒரு நேரம் தண்ணி வரலைன்னா என் வீட்டு வாசல்ல நின்னு மானத்த வாங்கிருவாங்க. எங்க ஆத்தா செத்தன்னைக்கே அஞ்சு மணிக்குப் போயித் தொறந்து விட்டுட்டுத்தான் வந்து அழுதேன். இன்னும் அவரக் காணலையே?

— இப்பத்தான போனாரு. இப்பப் போற ஏரி எங்க இருக்கு?

— சிக்கிம்ல. குருடோங்மார்னு பேரு. பதினேழாயிரம் அடிக்கு மேல. போன்ல அம்பது வீடியோ பாத்துருப்பேன். சுத்தி வெள்ளையா மலை, நடுவுல நீலம். அப்படி ஒரு நீலம் நம்ம பக்கம் புடவையில கூட இல்ல. குளிரு காலத்துல எல்லாம் கல்லா உறைஞ்சாலும் ஒரு ஓரம் மட்டும் தண்ணியாவே நிக்குமாம். யாரும் மோட்டார் போடல, யாரும் வால்வு திருகல. யாரும் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்து சண்டைக்கு நிக்கல. அது பாட்டுக்கு நிக்கிது. அத ஒரு தடவ பக்கத்துல போயிப் பாத்துரணும் தம்பி. பைத்தியம்னு நெனச்சாலும் சரி.

— பைத்தியமெல்லாம் இல்லக்கா. ஆனா அம்புட்டு ஒசரத்துல மூச்சு முட்டாதா?

— முட்டுமாம். அதுக்குத்தான் டாக்டர் சீட்டு கேக்குறாங்க. எனக்குப் பிரஷர், நெஞ்சு எல்லாம் பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

— அண்ணனுக்கு?

— மணி என்ன இப்ப?

— அஞ்சு இருபத்தஞ்சு. போன் போட்டுப் பாருங்க.

— வேணாம். கையில ஸ்பானர் இருக்கும். பாதி வேலையில போன எடுப்பாரு.

— டேங்கு இங்கிருந்தே தெரியுதே. அந்தா, பச்சைக் கலர்ல. ஆளு யாரும் நிக்கிற மாதிரித் தெரியலையேக்கா. ஒரு கொடத்தக் கூடக் காணோம்.

— வேப்பமரம் மறைக்கும். நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைங்க. இல்ல, வேணாம், அமத்துங்க. பொகை வருது.

— அக்கா.

— என்ன?

— கொட்டு அடிக்கிறாங்க.

— ஐயோ. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே! அஞ்சரைன்னுதான சொன்னாங்க? தாயே, இது என்ன சோதனை!

— அழுகாதீங்க. இப்ப என்ன கெட்டுப் போச்சு? கரை வழியா ஓடி வந்துரச் சொல்லுங்க. கூட்டத்துல யாரு பாக்கப் போறா?

— அவரு மனசுக்குத் தெரியும்ல? மாரியாத்தா பாத்துருப்பாள்ல? அவரு அப்பா கட்டி, தாத்தா கட்டி வந்த காப்பு தம்பி. கழுத்த அறுத்தாலும் இந்தப் பாலத்தத் தாண்ட மாட்டாரு.

— இந்தா, ஒங்க போன்தான் அடிக்கிது. அண்ணன்தான். ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஏங்க? ஏங்க, எங்க இருக்கீங்க?

— டேங்கடியில. கட்டிட்டாங்க பிரகதா. நான் உள்ள மாட்டிக்கிட்டேன்.

— அஞ்சு நிமிஷத்துக்கு முந்தியே அடிச்சிட்டாங்களேங்க!

— பூசாரி கடியாரம் எப்பவுமே முன்னாடி ஓடும், ஒனக்குத் தெரியாதா? இந்தா பாரு, நீ கெளம்பு. முனியசாமி, வண்டிய எடுப்பா. பிரகதாவ ஸ்டேஷன்ல விட்டுட்டு என் பெட்டிய மட்டும் திருப்பி எடுத்துட்டு வந்துரு.

— பின்னாடி என்ன சத்தம்?

— கொட்டுதான்.

— கொட்டு இல்ல. கொடத்துல தண்ணி விழுகுது. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதாக்கும்? முழு வேகத்துல விழுகுது. எப்ப தொறந்தீங்க?

— நான் தொறக்கல.

— பின்ன?

— கண்ணன் அஞ்சு மணிக்கே தொறந்துட்டான். வால்வுக்கு ஒரு கேடும் இல்ல. நல்லாத்தான் திருகுது, நீ கிரீஸ் வச்ச லட்சணத்துக்கு ஒத்த விரலு போதும். கார் பாலத்துக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் போடுடான்னு நான்தான் அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்.

— அண்ணே! என்னண்ணே இது! அக்கா இங்க நின்னு அழுதுக்கிட்டு இருக்காங்க.

— நீ சும்மா இரு முனியசாமி. பிரகதா, கேளு. டாக்டருட்டப் போயிட்டு வந்து எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னேன்ல, அது பொய். நெஞ்சுல அடைப்பு இருக்கு, மலையேறக் கூடாதுன்னு கறாரா எழுதிட்டாரு. மாத்திர போட்டா ஒண்ணும் ஆகாது, பயப்படாத. ஆனா ஒன்கிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணுவ? ஏரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு என் பக்கத்துல உக்காந்துருவ. காப்புக் கட்டிட்டா ஒன்னால ஒண்ணும் பண்ண முடியாதுல்ல? நான் வர முடியாது, வெளிய நிக்கிற ஒனக்குக் கட்டு இல்ல, நீ போகலாம். அதான் ஆத்தாமேல பாரத்தப் போட்டுட்டேன். இருபத்திரெண்டு வருஷம் ஊருக்குத் தண்ணி தொறந்தவ, நீ போயி ஒன் தண்ணியப் பாத்துட்டு வா.

— அக்கா, ஆத்தாவையே கூட்டுச் சேத்துட்டாரே! அண்ணன் லைன்ல நிக்கிறாரு.

— ஏ பிரகதா? திட்டணும்னா திட்டிரு.

— திட்டலைங்க. அந்தச் சீட்ட ஒங்க சட்டையத் தொவைக்கயில போன வாரமே பாத்துட்டேன். ஒங்களால வர முடியாதுன்னு தெரிஞ்சும் நான் போகத்தான் இருந்தேங்க. ஸ்டேஷன்ல மொகத்தப் பாத்துச் சொல்லலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள கொட்டு அடிச்சிருச்சேன்னுதான் அழுதேன். நேத்தே விக்ரம்கிட்ட சொல்லி ஒங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்.