மணியின் நாக்கு

அந்த ஸ்டூல்ல உக்காருங்க ஐயா. மூட்டைய அப்படித் தள்ளிட்டீங்கன்னா கால் வைக்க இடம் இருக்கும். அங்கி இன்னும் ஆகல. கை ரெண்டும் தேச்சு முடிஞ்சுது, முதுகுப் பக்கம் அப்படியே கிடக்கு. அடக்கம் சாயங்காலம்தானே, அதுக்குள்ள ஆயிடும். சாவு வீட்ட விட்டுட்டு நீங்களே வரணுமா? யாரையாவது அனுப்பிருந்தா குடுத்து விட்டுருப்பேனே.

ஓ. அங்கிக்காக வரலையா.

அப்ப காலையில சர்ச் கோபுரத்துலேருந்து ஓட்டைத் தகரத்தத் தட்டற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே, அது நீங்கதானா? கட்டைய வெச்சு அடிச்சுப் பாத்தீங்களாக்கும். நான் ஏதோ கூரை வேலை நடக்குதுன்னுல்ல நெனச்சேன். வெளியேருந்து அடிச்சா மணி எப்படி ஐயா பேசும். உள்ள நாக்கு தொங்கணும். அதைக் கழட்டச் சொன்னது யாருன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா.

இருங்க, முதல்ல உங்க அம்மாவப் பத்திக் கேட்டுக்கறேன். கடைசி வரைக்கும் பேச்சு இருந்துச்சா?

இருந்துச்சா. மணி அடிச்சுத்தான் என்னைக் கொண்டு போகணும்னாங்களா. ஸ்பீக்கர்ல போடறது வேண்டாம்னு வேற சொன்னாங்களா. சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை அந்த ரெக்கார்டு மணி அலறும்போதெல்லாம், சளி புடிச்சவன் பாட்டுப் பாடற மாதிரி இருக்குடீன்னு என்கிட்ட முகத்தச் சுளிப்பாங்க. நீங்க அவங்க கையப் புடிச்சுக்கிட்டு சரின்னுட்டீங்க. பெத்தவ கேக்கும்போது யாருக்குத்தான் முடியாதுன்னு சொல்ல வாய் வரும்.

நாக்கு என்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு? ஆமா, நான்தான் சொன்னேன். அப்ப அன்னிக்குக் காதுல விழுந்துதான் இருக்கு.

இங்கதான் இருந்துச்சு. அதோ அந்தக் கட்டிலுக்குக் கீழ. பழைய இரும்புக் கடையில போட்டுடுன்னு நீங்க சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் சரிங்க ஐயான்னு தலையாட்டிட்டு, கோணியில சுத்தித் தோள்ல போட்டு நேரா வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. ஒரு முழத்துக்கு மேல நீளம், நடக்கப் பழகற புள்ளை கனம். துரு ஏறக் கூடாதுன்னு எண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சு வைப்பாரு. எதுக்குய்யா இதுன்னா, இருக்கட்டும்டீம்பாரு. மணிய நிறுத்தின பிறகும் எல்லாரும் அவர மணிக்காரர்னுதான் கூப்பிட்டாங்க. அதுதான் அவருக்கு ரொம்ப வலிச்சுது.

இல்ல, நீங்க செஞ்சதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய வீட்டுச் சாவுன்னா கை ஓயற வரைக்கும் அடி, இல்லாதவன் செத்தா பேருக்கு நாலு தட்டுத் தட்டிட்டு இறங்குன்னு கமிட்டிக்காரங்க சொன்னது எனக்குத் தெரியாதா. மணி அடிச்சாத்தான் உயிரு மேல போய்ச் சேரும்னு நம்பின மக்குங்களும் இருந்துச்சு. இதெல்லாம் மனுஷன் கட்டினது, வேதத்துல இல்லன்னு நீங்க பிரசங்கம் பண்ணப்ப, முன் வரிசையில உக்காந்து தலையாட்டினவ நான். எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிங்கன்னு சொல்லிருக்கலாம் நீங்க. நாக்கையே புடுங்கிட்டீங்க.

அப்பக் கூட ஒரு சந்தேகம் எனக்கு. இதோ இந்த அங்கி. கழுத்துல பட்டை, இடுப்புல கயிறு, இதுல ஒரு சுருக்கம் இருந்தா உங்களுக்கு எவ்ளோ கோபம் வரும். இது வேதத்துல எந்தப் பக்கம் ஐயா இருக்கு? சும்மா கேட்டேன். பயப்படாதீங்க, பெட்டியத் தூக்கித்தான் புடிச்சிருக்கேன், கருகாது. இத்தனை வருஷத்துல உங்க துணி ஒண்ணாவது என் கையில கருகிருக்கா?

எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு நீங்க ஜெபம் பண்ண இங்க வந்தீங்கல்ல. இதே வாசப்படியில வெச்சுத்தான் கேட்டேன். ஒரே ஒரு தடவை ஐயா. நாக்கு வீட்லதான் இருக்கு, நானே சுமந்துட்டு வரேன், மாட்டி அடிச்சுட்டுத் திரும்பக் கழட்டிக்கலாம். இந்தப் பக்கத்துல செத்தவங்க அத்தனை பேருக்கும் அடிச்ச கை அது. நீங்க என்ன சொன்னீங்க? கையில வெச்சிருந்த வேதத்த என் மூஞ்சிக்கு நேரா நீட்டினீங்க. இதுல எங்க இருக்கு, காட்டும்மான்னீங்க. சொந்தக்காரங்க, கடைக்கு வர்றவங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அழுதுக்கிட்டு நிக்கற பொம்பளை எந்த அதிகாரத்தப் புரட்டுவா? நான் உள்ள போயிட்டேன்.

சவப்பெட்டியத் தூக்கும்போது என் கொழுந்தன் தடுமாறினான், பாவம். நீங்க ஓடி வந்து தோள் குடுத்தீங்க. அதை நான் மறக்கல. நோயில நாராக் கிடந்த மனுஷன் இவ்ளோ கனமான்னு கூடக் கேட்டீங்க. பொணம் கனக்கும் ஐயான்னு சொன்னேன்.

இப்ப நான் கேக்கறேன். அதோ அலமாரியில, கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க, எங்க வீட்டு வேதம். எடுங்க. மணி அடிச்சு அடக்கம் பண்ணுன்னு அதுல எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா. முதுகுப் பக்கம் முடியற வரைக்கும் டைம் இருக்கு.

எடுக்க மாட்டீங்களா. பரவால்ல.

நான் எடுத்தேன். அவர் போன பிறகு, மத்தியானம் துணி வராத நேரத்துல எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். மனுஷரோட பாரம்பரியத்தப் புடிச்சுக்கிட்டு தேவனோட கட்டளைய விட்டுட்டீங்கன்னு அந்தச் சட்டம் பேசற பரிசேயர ஆண்டவர் வாங்கு வாங்குன்னு வாங்குவாரே, அந்த இடம். அதை வெச்சுத்தானே நீங்க மணிய நிறுத்தினீங்க. அதுக்குக் கீழயே எதுக்காகத் திட்டறாருன்னும் இருக்கு ஐயா. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியத, இது தேவனுக்குன்னு சாக்கு சொல்லித் தட்டிக் கழிக்கறவங்களத்தான் கேக்கறாரு. மணியப் பத்தி அங்க ஒரு வார்த்தை இல்ல.

தெரியுமா? தெரிஞ்சிருக்கும், படிச்சவங்க. எங்களுக்கு அந்த வரி வரைக்கும் நீங்க வாசிக்கல, அவ்ளோதான்.

அழாதீங்க. அழுதாலும் எனக்கு மனசு இறங்காது, பொய் சொல்ல மாட்டேன். என்னிக்காவது ஒரு நாள் இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்து நீங்க மணி கேக்கணும்னு நான் ஜெபம் பண்ணிருக்கேன். அது நல்ல ஜெபம் இல்லன்னு தெரியும். ஆனா இந்த மாதிரின்னு நான் கேக்கல. அம்மா மேல எனக்கு என்ன பகை.

உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டு உங்க வீட்டுப் பின்சுவரு ஓரமாப் போனமே, அப்ப டங்... டங்னு நிறுத்தி நிறுத்தி ஒரு சத்தம் வந்துச்சு. வேலைக்காரி பாத்திரம் கழுவறான்னு நெனச்சீங்க, இல்ல? உங்க அம்மா ஐயா. சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு கரண்டியால அண்டாவ அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் திரும்பிப் பாத்தேன். அவங்க நிறுத்தல, கண்ணத் தொடைச்சுக்கிட்டே அடிச்சாங்க. என் புருஷனுக்குக் கிடைச்ச மணி அவ்ளோதான்.

அதனால நான் வருவேன். என் அண்டாவ எடுத்துக்கிட்டு வந்து சர்ச் கேட்டுக்கு வெளிய ரோட்டுல நின்னு அடிப்பேன். அது அம்மாவுக்கு, உங்களுக்கு இல்ல. நீங்க உள்ள வசனம் வாசிச்சுக்கிட்டு இருங்க. ஒவ்வொரு அடியும் உங்களுக்குக் கேக்கும், அதுக்கு நான் பொறுப்பு.

இந்தாங்க அங்கி. மடிக்காம கையில போட்டுக்கிட்டுப் போங்க, கசங்கிடும்.

என்ன ஐயா, இன்னும் கட்டிலுக்குக் கீழயே பாக்கறீங்க? அங்க செருப்பும் பழைய கோணியும்தான் இருக்கு. நாக்கு அவர்கிட்ட இருக்கு. அன்னிக்கு உள்ள போனவ அழப் போனேன்னு நெனச்சீங்களா? சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவர் கால்மாட்டுல, போர்வைக்கு அடியில வெச்சுட்டேன். கல்லறை வரைக்கும் நீங்கதான் தோள் குடுத்துச் சுமந்தீங்க. வேணும்னா தோண்டி எடுத்துக்கோங்க, தோண்டலாமான்னு வேதத்துல பாத்துட்டு. தலையக் குனிஞ்சு போங்க ஐயா, நிலை தாழ்வா இருக்கும்.