ஜன்னல் மூடிய ரயில்

ராக்னா: இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன், ஹால்வார்.

ஹால்வார்: எதுக்கு?

ராக்னா: காய்ச்சல்னு சொல்லுங்க.

ஹால்வார்: நல்லா கல்லு மாதிரி இருக்கேன்.

ராக்னா: பார்த்தா அப்படித் தெரியலையே... பூட்ஸை மாட்டிக்கிட்டு அரை மணியா உட்கார்ந்திருக்கீங்க. காப்பி கூட ஆறிப்போச்சு.

ஹால்வார்: அது காப்பியா? வறுத்த தானியத்தைக் கொதிக்க வெச்ச தண்ணி! சண்டை முடிஞ்சாத்தான் நிஜக் காப்பி.

ராக்னா: உங்க ஸ்வீடன்தான் சண்டையிலயே இல்லையே. அப்புறம் ஏன் காப்பி வரல?

ஹால்வார்: கடல் பூரா கண்ணிவெடி. கப்பல் எப்படி வரும்?

ராக்னா: ஆனா உங்க இரும்புக்கல்லு மட்டும் ஜெர்மன்காரனுக்குப் போகுது...

ஹால்வார்: கொடுக்கலைன்னா அவனே வந்து எடுத்துக்குவான். உங்க நார்வே ராஜாவும் யார் சண்டைக்கும் வரலைன்னுதானே சொன்னார். விட்டானா?

ராக்னா: எங்க துறைமுகம் அவனுக்கு வேணும், வந்தான். உங்ககிட்ட ரயில் கிடைச்சுது. அதான் உங்களை விட்டு வெச்சிருக்கான்.

ஹால்வார்: என்ன ரயில்?

ராக்னா: நீங்க ஓட்டுற ரயில்.

ஹால்வார்: நான் ஓட்டுறது மரக்கட்டை.

ராக்னா: மரக்கட்டை பாட்டுப் பாடுமா?

ஹால்வார்: என்ன பாட்டு?

ராக்னா: போன செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கு, உள்ளே ஜெர்மன் பாட்டு. எஞ்சின்ல நீங்க. என்னைப் பார்த்துட்டுத் திரும்பிக்கிட்டீங்க.

ஹால்வார்: லீவுல போற பசங்க, ராக்னா. துப்பாக்கி இல்லைன்னு மேலிடத்துல...

ராக்னா: போறவன் லீவு முடிஞ்சு எங்க ஊருக்குத்தானே திரும்புறான்? எங்க அண்ணன் வீட்டைக் கொளுத்தினவன் அதுல இருந்தா?

ஹால்வார்: தெரியாமலா இருக்கேன்! ஓட்ட மாட்டேன்னு நான் சொன்னா வேலை போகும். நாடே சொன்னா தலையில குண்டு விழும். யாருக்குத்தான்... சரி, நேத்துச் சொல்லாம இன்னைக்கு மட்டும் ஏன் போகாதேங்கிற?

ராக்னா: சும்மாதான்... கெட்ட கனவு.

ஹால்வார்: கனவுக்கா இவ்வளவு கெஞ்சுற? உங்க அண்ணன் ஐவின்ட்கிட்டயிருந்து கடிதாசி வந்துச்சா?

ராக்னா: ஆளே வந்தான். பனிச்சறுக்குக் கட்டையில எல்லை தாண்டி... ரயில் நேரம் கேட்டான். உங்க சட்டைப் பையில இருந்த சீட்டைப் பார்த்துச் சொல்லிட்டேன்.

ஹால்வார்: அடிப்பாவி! எந்த இடத்துல?

ராக்னா: எல்லைக்கு முன்னாடி இருக்குற பாலத்துல வெடி வெச்சிருக்கான். உங்களை வீட்டுல நிறுத்திடுவேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.

ஹால்வார்: மணி என்ன இப்போ?

ராக்னா: பத்தே முக்கால். எங்க எந்திரிக்கிறீங்க? ஸ்டேஷன்ல சொன்னா ஐவின்டைப் பிடிச்சுச் சுட்டுடுவானுங்க! நீங்கதான் போகலையே. வேற யாரோ ஓட்டட்டும்... நமக்கென்ன? நாம யார் பக்கமும் வேண்டாம்.

ஹால்வார்: இனிமே அந்த ரயிலைத் தொடமாட்டேன்னு நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன், ராக்னா. வேலை போச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலா இன்னைக்கு ஏறியிருக்கிறது என் தம்பி.

ராக்னா: நம்ம சிக்ஸ்டனா?... ஐயோ, பதினோரு மணிக்குக் கிளம்பிடுமே! அவன் காதுல மட்டும் சொல்லுங்க. ஏன் கிளம்பலைன்னு மத்தவங்க கேட்டா பிரேக் பிடிக்கலைன்னு ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுங்க... கோட்டு கிடக்கட்டும், ஓடுங்க!